ஹில்கா கொண்டுவந்த விரிப்புகள்

விடுமுறை நாளில் என் படகிலேயே ஏறிப் பயணிகளோடு பயணியாக நின்றது அன்றுதான் முதல் தடவை. இருபத்தேழு வருஷமாக அதில் கயிறு கட்டுகிறவன் நான். துறைமுகச் சந்தையிலிருந்து கோட்டைத் தீவுக்குப் பதினைந்து நிமிஷம், திரும்பிவரப் பதினைந்து நிமிஷம். அன்றைக்குப் பணியில் இருந்தவன் கயிற்றை அவிழ்க்க இரண்டு நொடி தாமதித்தபோது என் கை தானாக நீண்டது. சிர்க்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். சிர்க்கா என் மனைவி. முப்பது வருஷமாக என்னை இழுத்து நிறுத்துவதே அவளுக்கு வேலையாகிவிட்டது.

கூட எங்கள் மகள் ஹெய்னி, அவள் கட்டிக்கொள்ளப்போகும் நீலோ, நீலோவின் அப்பா வெய்க்கோ, அம்மா ஹில்கா. சம்பந்திகள் குஹ்மோவிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு முந்தின நாள் மாலைதான் ஹெல்சிங்கி வந்து சேர்ந்திருந்தார்கள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் பெரிய தேவாலயத்தைக் காட்டினேன், ஜனாதிபதி மாளிகையைக் காட்டினேன், பனிக்காலத்தில் வேலை செய்து வெயில் காலத்தில் தூங்கும் பனியுடைப்புக் கப்பல்களைக் காட்டினேன். வெய்க்கோ எதையும் பார்க்கவில்லை. வண்டிகள் ஏறி இறங்கும் சரிவுப்பலகை எப்படித் தூக்கப்படுகிறது என்பதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்கா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, பல் டாக்டரிடம் முறை வருவதற்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

காலையிலேயே ஹெய்னி எச்சரித்திருந்தாள். அவர்கள் அதிகம் பேசாதவர்கள், நீங்களும் கொஞ்சம் வாயைக் கட்டுங்கள் அப்பா என்று. எங்கள் நாட்டில் பேசாமல் இருப்பது பெரிய காரியமில்லை. பேருந்தில் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிற ஜனம். நான்தான் எப்படியோ தப்பிப் பிறந்துவிட்டேன். எனக்கு வாய் சும்மா இராது. அதிலும் அன்றைக்கு எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். சம்பந்திகளுக்குக் குஹ்மோவில் இருபத்தெட்டுப் பசுக்கள், காடு, வீடு. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பண்ணையை மகன் பேருக்கு மாற்றுவதா, இல்லை மாடுகளை விற்றுவிடுவதா என்று இந்தக் கோடைக்குள் முடிவெடுக்க வேண்டும். நீலோ இங்கே கப்பல் கட்டும் தளத்தில் மின்வேலை பார்க்கிறான், நல்ல சம்பளம். ஹெய்னி பல் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறாள். பல் எல்லா ஊரிலும் இருக்கும், அதுதான் ஆபத்து. பையன் மனது மாறிப் பண்ணைக்குப் போனால் இவளும் பின்னாலேயே போய்விடுவாள். எனக்கிருப்பது அவள் ஒருத்திதான். ஆகவே அந்தப் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் இந்த ஊரைக் காட்டி, கடலைக் காட்டி, 'சரி, பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும்' என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட வேண்டும் என்று நான் தீர்மானம் செய்திருந்தேன். மணிவாரியாகத் தாளில் எழுதி வைத்திருந்தேன். சிர்க்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்க என்ன தேர்தல்லயா நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

தீவில் பீரங்கிகளைக் காட்டினேன். கோட்டைச் சுவரின் மேல் புல் முளைத்த மேட்டில் ஏறி, ஸ்வீடன் போகும் பெரிய கப்பல் குறுகலான வழியில் நுழைவதைக் காட்டினேன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல அது போகும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வெய்க்கோ கொஞ்ச நேரம் பார்த்தார். "பெருசு" என்றார். அவ்வளவுதான். நான் அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் சந்தைக் கூடாரத்தில் சாப்பாடு. இங்கே வந்து இதைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லி, வாணலியில் பொரித்த சின்ன மீன்களை ஆளுக்கொரு தட்டு வாங்கினேன். பூண்டுக் குழம்பு, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்துத் தட்டு பதினெட்டு யூரோ. வெய்க்கோ ஒரு மீனை எடுத்து வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். பிறகு ஹில்காவைப் பார்த்தார். ஹில்கா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் லேசாகக் குலுங்கியது. நீலோதான் மெதுவாகச் சொன்னான். அது ஏரி மீன். அவர்கள் வீட்டுப் படகுத்துறையில் வலை போட்டால் ஒரு வாளி கிடைக்கும். பூனைக்கும் அதுதான். அவர்கள் ஊர்ப்பக்கத்து மீனை வாங்கி அவர்களுக்கே விருந்து வைத்துவிட்டு நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். கடற்காக்கை ஒன்று வந்து என் தட்டிலிருந்த கடைசி இரண்டையும் தூக்கிக்கொண்டு போனது. அதற்குத்தான் வெய்க்கோ முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்தது ராட்சச ராட்டினம். மேலே போனால் முழுத் துறைமுகமும் தெரியும், அங்கே வைத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று திட்டம். நான் டிக்கெட் வரிசையை நோக்கி நடந்தபோது ஹில்கா நின்றுவிட்டாள். அன்று காலையிலிருந்து அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இங்க விரிப்பு துவைக்கிற இடம் ஒண்ணு இருக்காமே. அது தூரமா?"

தூரமில்லை, எங்கள் குடியிருப்புக்குக் கீழே கரையிலேயே இருக்கிறது என்றேன். வெயில் காலம் வந்தால் ஊரே தன் வீட்டு விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் வரும். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் இழுப்பதற்குள், "பாக்க இல்ல. கார்ல எட்டு கெடக்கு" என்றாள் ஹில்கா. ஹெய்னியின் முகம் பளிச்சென்று ஆனதை நான் கவனித்தேன். ராட்டினத்தைப் பார்த்தபோது அது அப்படி ஆகவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தால் உண்மையாகவே எட்டு விரிப்புகள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு மீட்டர் நீளம், பழைய துணியைக் கிழித்து நெய்தது, சுருட்டிக் கயிறு கட்டி அடுக்கியிருந்தாள். பக்கத்தில் பைன் சோப்பு வாளி, நான்கு தேய்ப்புக் கட்டைகள், இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ். நான்கு பேர் ஆளுக்கு இரண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம். இப்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் கடலில் கலக்கக்கூடாது என்று குழாய் வைத்துவிட்டார்கள்; மர மேசைகள், அலசுவதற்குத் தொட்டிகள், பிழிவதற்குக் கைப்பிடி வைத்த உருளைகள், அப்புறம் உலர்த்துவதற்கு வரிசையாக மரச் சட்டங்கள். கடலில் துவைக்க முடியாது என்றதும் ஹில்கா வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைச் சிர்க்காவிடம் கொடுத்துவிட்டுக் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வேறு ஆள். மேசை பிடித்தாள், தண்ணீர் திறந்தாள், என்னை ஒரு பக்கம், நீலோவை ஒரு பக்கம் நிறுத்தினாள். எனக்கு அதட்டல் விழுந்தது. நெசவின் போக்கில் தேய்க்கவேண்டுமாம், குறுக்கே தேய்த்தால் நூல் போய்விடுமாம். இருபத்தேழு வருஷம் படகின் தளத்தைத் தேய்த்தவனுக்கே பாடம்.

ஆனால் நன்றாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது. வெயில் முதுகில் விழ, கை முழங்கை வரை நுரை. சோப்பின் தார் வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்து மேசையில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். சிர்க்காவும் ஹில்காவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், கறையைப் பற்றித்தான். வெய்க்கோ தொப்பியைக் கழற்றிச் சட்டத்தில் மாட்டிவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். காலையிலிருந்து நான் தொண்டை வறளப் பேசி நடக்காதது ஒரு சோப்பு வாளியில் நடந்துவிட்டது.

அப்போது வெய்க்கோவின் போன் அடித்தது. அவர் லீவில் வந்ததால் மாடுகளைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஒரு பெண்ணை மாற்றாளாக அனுப்பியிருந்தது. காலையிலிருந்து மூன்று தடவை பேசியிருந்தார். இப்போது அவர் இரண்டு கையிலும் வாளி. ஹெய்னிதான் அவர் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தாள். சம்பந்தியின் சட்டைப்பையில் அவள் அவ்வளவு உரிமையோடு கைவிட்டதே எனக்கு விசித்திரமாக இருந்தது.

"யாரு, ஒமேனாவா?" என்றாள். "தீனி எடுக்கலைன்னா இன்னிக்குக் கன்னு போட்டுடுவா. இல்ல, பக்கத்துல நிக்காத. ஆள் நின்னா அவ போட மாட்டா, போன தடவையும் அப்படித்தான். லைட்ட அணைச்சுட்டு நீ வெளிய வந்துரு. முன்னங்கால் ரெண்டும் தெரிஞ்சா எனக்குப் போன் பண்ணு. இழுக்காத."

போனை அவர் பையில் திருப்பிப் போட்டுவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தாள். வெய்க்கோவும் என்ன என்று கேட்கவில்லை, நடந்துபோய் அடுத்த வாளி பிடித்தார். போன தடவை என்றால் எப்போது? போன ஜூனில் இவள் நீலோவோடு காட்டில் நடைப்பயணம் போகிறேன் என்று சொல்லிப் பத்து நாள் போயிருந்தாள். ஆனாலும் மனிதன் தனக்கு வேண்டாததை உடனே நம்புவதில்லை. பிள்ளை ஆசைக்கு மாட்டைப் பார்த்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேன்.

அலசின விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உருளைகளுக்கு நடுவே விரிப்பை நேராகக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்றவேண்டும். ஹில்கா கொடுத்தாள், நான் சுற்றினேன். பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, நீலோவுக்குத் தளத்தில் நல்ல பெயர், பனிக்காலத்திலும் வேலை நிற்காது, இந்த ஊரில் குழந்தை குட்டி வளர்க்க எல்லா வசதியும் உண்டு என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஹில்கா கேட்டுக்கொண்டே விரிப்பை நகர்த்தினாள்.

"ஆமா, அவனுக்கு இங்க பிடிச்சிருக்கு" என்றாள். "நாங்களும் மாட்டக் குடுத்துடறதாத்தான் இருந்தோம். வாங்கறவன் வந்து பாத்துட்டுக்கூடப் போனான். ஹெய்னிதான் சாப்பாட்டு மேசைல வச்சு, விக்காதீங்க, நான் பாத்துக்கறேன்னா. வெய்க்கோ எந்திரிச்சு வெளிய போயிட்டார். அழுதார்னு நெனைக்கிறேன், நான் கேக்கல. உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பாளே."

என் கை நின்றுவிட்டது. பையன் இழுத்துக்கொண்டு போவான், பெரியவர்கள் வற்புறுத்துவார்கள் என்று இத்தனை நாள் யார் யார் மேலேயோ பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் காலையிலிருந்து ஊரைக் காட்டி மனசு மாற்றப் பார்த்தவர்கள் மாறவேண்டிய ஆட்களே இல்லை. மாறவேண்டியவள் இந்த ஊரிலேயே பிறந்தவள், ஒவ்வொரு கல்லும் தெரிந்தவள்.

"சொன்னா" என்றேன்.

ஹில்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் எனக்குத் தெரிந்தது. விரிப்பு உருளைகளுக்கு நடுவே பாதியில் நின்றிருந்தது, தண்ணீர் எங்கள் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"சுத்துங்க சம்பந்தி" என்றாள் மெதுவாக. நான் சுற்றினேன்.

எட்டையும் சட்டத்தில் போட்டு முடித்ததும் மற்றவர்கள் காபி வாங்கப் போனார்கள். ஹெய்னி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் குழாயை மூடினாள்.

"எப்போ போறே?" என்றேன்.

"அக்டோபர்ல. நீலோவும் சரின்னுட்டான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவள் தேய்ப்புக்கட்டையின் தண்ணீரை உதறினாள். "சொல்ல இடம் எங்கப்பா குடுத்தீங்க? வாயத் திறக்கும்போதெல்லாம் நீங்க பேசிட்டு இருப்பீங்க. ஈஸ்டருக்கு அதுக்குத்தான் வந்தேன். புது நீச்சல்குளத்தைப் பத்தி ரெண்டு மணி நேரம் சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நேராக வந்து குத்தியது. ஈஸ்டர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் குளத்தில் தண்ணீரை எத்தனை டிகிரியில் வைக்கிறார்கள் என்பது வரை சொல்லியிருந்தேன். அவள் தட்டில் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. ஆர்வமாகக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். அறுநூறு கிலோமீட்டர், பாதி வருஷம் பனி, விடிகாலை ஐந்து மணிக்குக் கொட்டகை. சொல்ல ஆயிரம் இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள், நான் அந்த ஆயிரத்தையும் எடுத்து விடுவேன் என்று தோளை நிமிர்த்திக்கொண்டு. ரப்பர் பூட்ஸ் போட்டுக் கால் அகட்டி நின்ற அந்த நிற்பு எனக்குப் பழக்கமானது. அலை அடிக்கிற நாளில் நான் படகில் நிற்பது அப்படித்தான்.

"ஒமேனா கன்னு போட்டாச்சா?" என்று கேட்டேன்.

ஹெய்னி ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். முதுகெல்லாம் சோப்பு.

கிடாரிக் கன்று என்று ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. படமும் வந்தது, ஆளுக்கு ஆள் கைமாறியது. அதற்குள் நான் சிர்க்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெண்ணெயைத் தடவிக்கொண்டே, "பத்து நாள் காட்டுல நடந்துட்டு வந்த காலா அது? ஒரு கொப்புளம் இல்ல. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து, பதில் தெரிந்ததால் மூடிக்கொண்டேன்.

அன்று சனிக்கிழமை; மாலை ஆறு முதல் ஏழு வரை எங்கள் கட்டிடத்துச் சானாவில், அதாவது நீராவிக் குளியலறையில், எங்கள் முறை. நான், வெய்க்கோ, நீலோ மூன்று பேரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம். சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றுவது வெய்க்கோ. எனக்கு அன்றைக்குப் பேச ஒன்றும் வரவில்லை, யாரும் அதைக் குறையாக நினைக்கவும் இல்லை. மூன்றாவது தடவை ஆவி எழும்பி இறங்கியபிறகு வெய்க்கோ முழங்காலைத் தடவியபடி சொன்னார்.

"பால் வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதனால எங்க ரோட்டுல எப்பவும் பனி தள்ளியிருக்கும். எந்த மாசமும் வரலாம்."

அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. வருகிறேன் என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினார்கள். மாற்றாளுக்கு அன்று மாலையோடு முறை முடிகிறது, மறுநாள் காலைக் கறவைக்குள் போய்ச் சேரவேண்டும். விரிப்புகள் இன்னும் காயவில்லை; அந்தக் கனத்துக்கு இரண்டு முழு நாள் வெயில் வேண்டும். இதைக்கூடவா யோசிக்காமல் வந்தாள் என்று எனக்கு ஆச்சரியம். ஹில்கா காரில் ஏறும்போது கேட்டேவிட்டேன், உங்கள் ஊரில் துவைக்கத் தண்ணீர் இல்லையா என்று.

"வாசல்லயே ஏரி" என்றாள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "ரெண்டு நாள் கையக் கட்டிக்கிட்டு ஒருத்தர் வீட்ல உக்காந்திருக்க எனக்கு ஆகாது. அதான் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். காஞ்சதும் கொண்டு வாங்க. அவசரமில்ல, ஆகஸ்டுல பெர்ரி பழுக்கும்."

திங்கட்கிழமை வேலை முடிந்து படகிலிருந்து இறங்கி நேராகத் துவைக்கும் கரைக்குப் போனேன். மேல்பக்கம் மொடமொடவென்று காய்ந்திருந்தது. புரட்டிப் போடவேண்டும், தனியாளாகப் புரட்டுவது சிரமம். முதல் விரிப்பின் முனையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தள்ளுவண்டியில் தன் விரிப்புகளோடு வந்து நின்றாள். சட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. எட்டையும் ஒரு நோட்டம் விட்டாள்.

"இதெல்லாம் உங்களுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "என் பொண்ணு வீட்டுது."

சொன்னபிறகுதான் அது என் காதில் விழுந்தது. எந்த ஊர் என்று அந்தப் பெண் கேட்டாள். குஹ்மோ என்றேன். அங்கேயிருந்தா என்று வியந்தாள். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் அவளை விட்டிருக்கமாட்டேன். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அவள் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கேட்காமலேயே விரிப்பின் அந்த முனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிப் புரட்டினோம். அடிப்பக்கம் ஈரத்தில் நிறம் அடர்ந்திருந்தது, சிவப்பும் நீலமும் பச்சையும் பட்டை பட்டையாக. ஓரக் குஞ்சத்தின் ஈரம் பலகையில் பட்டது. வெயில் அதன்மேல் மெதுவாக ஏறியது.